எட்டாயிரம் கேள்விகள் செய்த தங்கைக்கு

திருகோணமலையிலிருந்து ஓர் இளம் மருத்துவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அதன் சாரம் இது:

"அக்கா, எனக்கு வயது 29. வீடு உப்புவெளியில். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் படித்து, ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் முடித்து, இப்போது கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் ஓர் ஆதார வைத்தியசாலையில் எம்ஓவாக, அதாவது மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். இங்கிலாந்துக்குப் போக நினைத்து, வெளிநாட்டில் படித்த டொக்டர்களுக்குப் பிரிட்டன் வைக்கும் பிளாப் பரீட்சையின் முதற்பகுதியைப் போன தடவை கொழும்பில் எழுதினேன். ஆறு புள்ளிகளால் தவறிவிட்டது. எட்டாயிரத்துக்கு மேல் பயிற்சிக் கேள்விகள் செய்துவிட்டுத்தான் போனேன். கம்பஸில் நான் ஒரு நாளும் பெயிலானதில்லை. வார்ட்டில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றுதான் சொல்கிறார்கள். பிறகு ஏன் இப்படி? மறுபடி முதலிலிருந்து எட்டாயிரம் கேள்விகளைச் செய்யவா? ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து படிக்கவா? ஒன்லைன் கோச்சிங்குக்குக் காசு கட்டவா? அம்மா வேறு, 'இங்கேயே நல்ல உத்தியோகம் இருக்க ஏன் பிள்ளை இந்த அலைச்சல்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் உவர்மலையில் வளர்ந்தவள்தான், நானும் முதல் தடவை பெயில்தான். அது பல வருடங்களுக்கு முந்தைய கதை. அப்போது தாளில் இப்போதுபோல 180 அல்ல, 200 கேள்விகள். முடிவு வந்த அன்று வீட்டில் யாருடனும் பேசாமல் டச்பே கடற்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உங்களைப் போலத்தான், 'கெட்டிக்காரி ஏன் தோற்றாள்' என்பதுதான் கேள்வி. விடை கிடைக்க மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு அதை இன்றைக்கே தந்துவிடுகிறேன்.

உங்களுக்கு மருத்துவம் போதாமல் இல்லை. தாளில் உள்ள நோயாளியைத் திருகோணமலையில் வைத்துப் பார்க்கிறீர்கள், அதுதான் விஷயம். அந்த நோயாளி இருப்பது லீட்ஸிலோ பிரிஸ்டலிலோ. அங்கே அவரைப் பார்க்கிற டொக்டர், முதலாம் வருடப் பயிற்சியை முடித்து இரண்டாம் வருடத்தின் முதல் நாளில் நிற்கிறவர். அந்த ஆள் அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் 180 கேள்விகளும் கேட்கின்றன. நீங்கள் உங்கள் ஓபிடியில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

இதை நான் சும்மா ஊகத்தில் சொல்வதாக நினைக்கவேண்டாம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கேள்வி வங்கியில் கடைசியாகப் பிழைத்த 200 கேள்விகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் போடுங்கள். விஷயமே தெரியாமல் பிழைத்தால் 'தெ'. தெரிந்திருந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் பிழைத்தால் 'வா'. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி என்றால் நான் போட்ட விடைதான் சரி என்று மனம் முரண்டு பிடித்தால் 'ஊ'. நேர்மையாகப் போடுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. எனக்கு அந்தக் காலத்தில் 'ஊ'தான் பாதிக்கு மேல் வந்தது. ஆறு புள்ளியால் தவறிய ஒருவருக்கு அந்த ஒரு குவியலைக் கரைத்தாலே போதும்.

ஓர் உதாரணம். 52 வயது ஆண், வெள்ளையர், வேறு வருத்தம் எதுவும் இல்லை. கிளினிக்கில் பிறஷர் 156/94. மறுபடி அளந்தால் 152/92. அடுத்து என்ன? விடைகளில் அம்லோடிபின் இருக்கும், ரமிப்ரில் இருக்கும், 24 மணிநேரம் கையில் கட்டி அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கும், ஒரு வருடம் கழித்து வரச்சொல்லு என்றும் இருக்கும்.

நீங்கள் என்ன போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். குளிசை ஏதாவது ஒன்றைப் போட்டிருப்பீர்கள். ஏனென்றால் உங்கள் கண்ணுக்கு முன்னால் வருகிறவர் தம்பலகாமத்தில் வயலை விட்டுவிட்டு, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்தவர். இன்றைக்கு வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த தடவை அவரை ஒரு பக்கம் இழுத்த நிலையில்தான் கொண்டுவருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கிளினிக் கொப்பியில் மருந்தை எழுதி அனுப்புகிறீர்கள். அது நல்ல வைத்தியம். ஆனால் பிரிட்டனில் நைஸ் என்ற நிறுவனம் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டியின்படி, 140/90க்கு மேலே 180/120க்குக் கீழே என்றால் முதலில் அந்த 24 மணிநேர அளவு. டொக்டரைக் கண்டதால் ஏறிய பிறஷரா, உண்மையான பிறஷரா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து. மருந்து என்று வந்தால் வயது 55க்குக் கீழேயா மேலேயா, ஆபிரிக்க அல்லது கரீபியன் வம்சமா, சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்த்து முதல் மருந்து மாறும். கேள்வியின் முதல் வரியிலேயே வயதையும் வம்சத்தையும் எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

அந்த முதல் வரியை எப்படி வாசிப்பது என்பது தனி வித்தை. 'ஒரு ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) வந்தார்', 'அவசரப் பிரிவுக்கு வந்தார்', 'வார்ட்டில் இருக்கிறார்' என்று மூன்று விதமாக ஆரம்பிக்கும். ஒரே பிள்ளை, ஒரே காய்ச்சல், அழுத்தினாலும் மறையாத ஊதா நிறப் புள்ளிகள். மெனிங்கோகொக்கல் தொற்று என்று உங்களுக்கு உடனே தெரியும். ஆனால் பிள்ளை ஜீபியின் அறையில் இருந்தால் அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் முதல் வேலை, அது தாமதமாகாதபடி பென்சைல்பெனிசிலின் அல்லது செஃப்ட்ரையக்ஸோன் ஊசி. ஆஸ்பத்திரியில் இருந்தால் நேராக நாளத்தில் செஃப்ட்ரையக்ஸோன். இடம் தெரியாவிட்டால் இரண்டுமே சரியான விடைபோலத்தான் தெரியும். அப்படித்தான் 'இரண்டில் ஒன்று என்று வந்து மற்றதைப் போட்டுவிட்டேன்' என்ற புலம்பல் வருகிறது. உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது, இரண்டு இடத்தில்.

காய்ச்சலை எடுத்துக்கொள்வோம், அதில்தான் நாம் ராஜாக்கள். கிண்ணியாவை 2017இல் டெங்கு ஆட்டிப்படைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் என்றால் எங்கள் கை தானாகவே பிளேட்லெட்டுக்கும் ஹீமட்டோகிரிட்டுக்கும் எழுதும். வயல்காரர், கண் மஞ்சள், கெண்டைக்கால் நோ என்றால் எலிக்காய்ச்சல். இதையெல்லாம் லண்டன் பேராசிரியருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் பிளாப் தாளில் காய்ச்சலோடு வருகிறவர் கானாவில் விடுமுறை கழித்துத் திரும்பிய மாணவன். அங்கே முதலில் தேடவேண்டியது மலேரியா. ஒரு வேடிக்கை பாருங்கள்: இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று கொடுத்துவிட்டது. உங்கள் வயதுக்காரர்கள் பலர் அதைக் கண்ணாடித் தட்டில்தான் பார்த்திருப்பீர்கள். எங்கள் அப்பா காலத்தில் கந்தளாய்ப் பக்கம் அது தடிமன் மாதிரி. ஆக, எங்கள் மண்ணின் பழைய நோயை இங்கிலாந்துப் பரீட்சைக்காகப் புத்தகத்தில் படிக்கவேண்டியிருக்கிறது. முதல் இரத்தப் படலத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் விட்டுவிடக்கூடாது, மூன்று தடவை பார்க்கவேண்டும். இது அடிக்கடி வரும்.

நஞ்சும் அப்படித்தான். எங்களுக்கு நஞ்சு என்றால் மஞ்சள் அலரி விதை, பூச்சி மருந்து, புடையன் கடி. தாளில் நஞ்சு என்றால் பெரும்பாலும் பரசிட்டமோல். குடித்து நான்கு மணிநேரம் கழித்து இரத்தத்தில் அளவு எடுத்து, வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது. நான்காம் மணியில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் என்ற கோடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல மணிநேரம் விழுங்கியிருந்தால் அந்தக் கோடு உதவாது, முறிமருந்தான அசெட்டைல்சிஸ்டீனை உடனே தொடங்கவேண்டும். பாம்பு என்றால் பிரிட்டனில் இயற்கையாக இருக்கும் விஷப்பாம்பு ஒரே ஒரு வகை, அடர் என்ற விரியன். உங்கள் அறிவில் பத்தில் ஒன்பது பங்கைப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும். அதற்குப் பதிலாக, உண்ணி கடித்த இடத்தில் வட்டமாக விரிந்துகொண்டே போகும் சிவப்பைக் கண்டால் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் டொக்சிசைக்ளின் கொடுப்பது போன்ற, உவர்மலையில் ஒரு நாளும் காணாத விஷயங்களை உள்ளே எடுக்கவேண்டும். கஷ்டமில்லை. ஆனால் இது புதிதாகப் படிக்கவேண்டிய பாடம் என்று முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சரி, இப்போது பெரிய இடத்துக்கு வருகிறேன். நான் தோற்ற இடமும் இதுதான். நீங்கள் அனுப்பிய புள்ளி விபரத்தைப் பார்த்தால் நீங்கள் வழுக்கியதும் இங்கேதான்.

நெறிமுறைக் கேள்விகளை நான் படிக்கவே இல்லை. 'இதெல்லாம் பொதுப்புத்தி, இதற்கு என்ன படிப்பு' என்று விட்டுவிட்டேன். என் பொதுப்புத்தி திருகோணமலைப் பொதுப்புத்தி என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

71 வயது அம்மா. குடலில் புற்றுநோய் என்று முடிவு வந்திருக்கிறது. மகன் உங்களை நடைபாதையில் பிடித்து, 'அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர், தாங்கமாட்டா' என்கிறார். இந்தக் காட்சியை நீங்கள் மாதத்துக்கு நாலு தடவை பார்க்கிறீர்கள். என்ன செய்கிறோம்? மகனையும் மருமகளையும் கூப்பிட்டு உட்கார்த்தி விளக்குகிறோம். அம்மாவிடம் 'வயித்தில சின்னக் கட்டி, எடுத்தாச் சரி' என்கிறோம். குடும்பம்தான் தூக்கிச் சுமக்கப்போகிறது, அவர்களுக்குச் சொல்வதில் என்ன பிழை என்று நினைக்கிறோம்.

தாளில் அது பிழை. அம்மாவுக்கு விளங்கிக்கொள்ளும் திறன் இருக்கிறது என்றால் அந்தத் தகவல் அம்மாவுடையது. மகனுடையது அல்ல. அதற்காக 'உங்களுக்குக் கான்சர்' என்று போய் முகத்தில் அடிப்பதும் விடை அல்ல. மகனின் கவலையைக் காதில் வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் போய், அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவரையே கேட்பதுதான் விடை. 'எனக்கு ஒண்டும் வேண்டாம், மகனிட்டச் சொல்லுங்கோ' என்று அம்மா சொன்னால் அதுவும் சரி, ஏனென்றால் அதைச் சொன்னது அம்மா.

இடையில் ஒரு சொந்தக் கதை. என் அம்மம்மாவுக்கு வருத்தம் வந்தபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்தோம். அவர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பதக்கச் சங்கிலி யாருக்குப் போகவேண்டும் என்று சொன்னார். எட்டு மாதமாக அவர்தான் எங்களிடம் மறைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியில் எனக்கு விடை மாறவே இல்லை, பரீட்சையிலும் வார்ட்டிலும்.

திறன் என்று சொன்னேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு 2005ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்குத் திறன் உண்டு என்றுதான் தொடங்கவேண்டும், இல்லை என்றால் அதை நிரூபிக்கவேண்டியது நீங்கள். நீங்கள் நினைப்பதற்கு எதிராக, முட்டாள்தனமாக ஒரு முடிவெடுக்கிறார் என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லமுடியாது. எங்கள் ஊரில் சத்திரசிகிச்சை வேண்டாம் என்கிற ஐயாவை, 'மகளைக் கூப்பிடுங்கோ, கையெழுத்து வைக்கட்டும்' என்று முடிக்கிறோமே, அது அங்கே நடக்காது.

பதினைந்து வயதுப் பெண்பிள்ளை கருத்தடை மாத்திரை கேட்டு, 'அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்' என்கிறாள் என்று ஒரு கேள்வி வரும். எங்கள் கை உடனே தொலைபேசிக்குப் போகும். அங்கே 1985இல் வந்த கில்லிக் தீர்ப்பு இருக்கிறது. பிள்ளைக்கு விஷயம் விளங்குகிறதா என்று பார்ப்பது, பெற்றோரிடம் சொல்லும்படி ஊக்குவிப்பது, யாராவது அவளைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று விசாரிப்பது, இவையெல்லாம் சரியாக இருந்தால் அம்மாவுக்குச் சொல்லாமலே கொடுக்கலாம். இதை நீங்கள் ஏற்றுக்கொள்வதும் ஏற்காததும் வேறு. வேலை செய்யப்போகும் நாட்டின் சட்டம் அது.

வாகனக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு முதல் தடவையாக, காரணம் இல்லாமல் வலிப்பு வந்தது. எங்கள் ஓட்டோக்காரத் தம்பி என்றால், 'கொஞ்ச நாளைக்குக் கவனமா ஓடுங்கோ' என்று சொல்லத்தான் மனம் வரும், அவனுடைய வீட்டு அடுப்பு அந்த மூன்று சில்லில்தான் எரிகிறது. பிரிட்டனில் சாதாரண லைசன்ஸ் என்றால் ஆறு மாதம் ஓடக்கூடாது. வலிப்பு நோய் என்று உறுதியானால் பன்னிரண்டு மாதம் வலிப்பு வராமல் இருக்கவேண்டும். பஸ், லொறி என்றால் 5 வருடம், 10 வருடம் என்று போகும். டிவிஎல்ஏ என்ற லைசன்ஸ் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டியது நோயாளி. சொல்லியும் கேட்காமல் ஓடுகிறார் என்று தெரிந்தால், முதலில் அவரைச் சம்மதிக்க வைக்கப் பார்த்து, முடியாவிட்டால் அவரிடம் சொல்லிவிட்டு நீங்கள் அறிவிக்கலாம். இந்த வரிசைதான் விடை. முதல் படியிலேயே அறிவிப்பதும் பிழை, கடைசிவரை பேசாமல் இருப்பதும் பிழை.

இனி உங்கள் கேள்விகளுக்கு.

எட்டாயிரத்தை மறுபடி செய்யவேண்டாம். இரண்டாம் தடவை செய்யும்போது விடை ஞாபகத்தில் வரும், அதை அறிவு என்று நினைத்து ஏமாந்துபோவீர்கள். 'இதில் எனக்கு 85 வீதம் வருகிறது' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்ப் பெயிலானவர்களை நான் கண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில், அதுதான் ஜீஎம்சி, எம்எல்ஏ உள்ளடக்க வரைபடம் என்று ஒன்றை, அதாவது பரீட்சையில் வரக்கூடிய தலைப்புக்களின் பட்டியலை, வெளியிட்டிருக்கிறது. 2024 முதல் பிளாப் அதையொட்டித்தான் நடக்கிறது. காசில்லாமல் பார்க்கலாம். அதை அச்செடுத்து, தெரியாத தலைப்புக்களைச் சிவப்பால் அடியுங்கள். ஜீஎம்சியின் 'நல்ல மருத்துவ நடைமுறை' என்ற கைநூலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக வாசியுங்கள், கதைப்புத்தகம் மாதிரி. பிறகு நாளுக்கு 40 கேள்விகள் போதும். ஆனால் பிழைத்த ஒவ்வொன்றுக்கும் நைஸ் வழிகாட்டியைத் திறந்து, உங்கள் சொந்த வசனத்தில் இரண்டு வரி எழுதவேண்டும். 'அங்கே இப்படி, இங்கே அப்படி, ஏன்?' அந்த 'ஏன்' எழுதாவிட்டால் மனதில் நிற்காது. கிண்ணியா பஸ்ஸில் தொலைபேசியில் கேள்வி செய்வதாக எழுதியிருந்தீர்கள். அதை விடுங்கள். குலுங்கும் பஸ்ஸில் அவசரமாக விடை தட்டிப் பழகித்தான் அந்த 'வா' குவியல் வளர்கிறது. பஸ்ஸில் இந்தக் கொப்பியை மட்டும் வாசியுங்கள், இல்லையென்றால் கடலைப் பாருங்கள்.

வேலையை விடவேண்டாம், எந்தக் காரணத்துக்கும். பிளாப் பாஸானதும் வேலை தேடும்போது கடைசியாக எப்போது நோயாளியைத் தொட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள். ஆறு மாத இடைவெளியை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, பரீட்சைக்கு முன் மூன்று வாரம் லீவு எடுப்பது எவ்வளவோ மேல். இப்போதே சக எம்ஓக்களோடு ட்யூட்டியை மாற்றிப் பேசி வையுங்கள். நீங்கள் முடித்த பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சி, ஜீஎம்சியில் முழுப் பதிவு கேட்பதற்குக் கைகொடுக்கும். அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.

கோச்சிங் என்றால், ஒழுங்காக உட்கார முடியாதவர்களுக்கு அது ஒரு கயிறு. எட்டாயிரம் கேள்வி செய்தவருக்கு உட்காருவது பிரச்சினை அல்ல. அந்தக் காசை இரண்டாம் பகுதிக்கு வையுங்கள். அது மான்செஸ்டரில் மட்டும்தான் நடக்கிறது. 16 அறைகள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், நடிகரோடு பேசிக் காட்டவேண்டும். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் என்று செலவு அங்கேதான் கொட்டும். முதற்பகுதி பாஸாகி இரண்டு வருடத்துக்குள் அதை முடிக்கவும் வேண்டும். இன்னொன்று, வட்ஸப்பிலும் டெலிகிராமிலும் 'போன தடவை வந்த கேள்விகள்' என்று ஒரு கட்டு அலையும். தொடவேண்டாம். பாதி பிழை. அதைவிட, பரீட்சைக் கேள்விகளைப் பரிமாறுவதை ஜீஎம்சி நேர்மைக் குற்றமாகப் பார்க்கிறது. பதிவுக்கே ஆபத்து.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 180 கேள்வி, 3 மணிநேரம், நிமிடத்துக்கு ஒன்று. பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. கடைசி வரியை முதலில் வாசித்து, என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு மேலே போங்கள். 'அடுத்த படி' என்பதும் 'உறுதிசெய்யும் பரிசோதனை' என்பதும் வேறு வேறு. நான் முதல் தடவை ஒரு கேள்வியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன், விடைத்தாளில் அந்த வரியை விட மறந்தேன். பதினேழு விடைகள் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. கண்டுபிடித்து அழித்து எழுத ஒன்பது நிமிடம். இன்றைக்கும் கனவில் அந்த அழிறப்பர் வருகிறது. ஆகவே விடாதீர்கள், சந்தேகம் என்றால் ஒன்றைக் குறித்து, பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போங்கள்.

இனி அம்மாவின் கேள்வி. அதைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் இன்றைய நிலையில் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் இங்கிலாந்துக்குப் போன காலத்தில் பிளாப் பாஸானால் சில வாரங்களில் வேலை. இப்போது அப்படி இல்லை. ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் போய், விளம்பரம் போட்ட சில மணிநேரத்திலேயே மூடிவிடுகிறார்கள். பாஸாகி மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எனக்கே தொலைபேசி எடுக்கிறார்கள். விசேட பயிற்சி இடங்களில் பிரிட்டனில் படித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கப்போவதாக அந்நாட்டு அரசும் 2025இல் அறிவித்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு எழுதுவது வேறு, தெரியாமல் எழுதிவிட்டு அங்கே போய் அழுவது வேறு.

இன்னொரு வழியும் இருக்கிறது. கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை எழுதி, இலங்கையிலேயே எம்டி என்ற விசேட வைத்தியப் பட்டம் செய்தால், பயிற்சியின் ஒரு பகுதியாக வெளிநாடு போகலாம். அப்படிப் போகிறவர்கள் பலர் எம்டிஐ என்ற திட்டத்தின் கீழ், ரோயல் கல்லூரி ஒன்றின் அனுசரணையோடு பிளாப் இல்லாமலே பிரிட்டனில் வேலை செய்துவிட்டு வருகிறார்கள். நீண்ட வழி. ஆனால் திரும்பிவந்து திருகோணமலையிலேயே விசேட வைத்தியராக இருக்கவேண்டும் என்ற ஆசை உங்களுக்குள் எங்காவது இருந்தால், அது நேர் வழி. கடிதத்தில் நீங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதிய இடமெல்லாம் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தைப் பற்றி எழுதிய இடத்தில் 'பட்ச்மேட் எல்லோரும் போகிறார்கள்' என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஓர் அக்காவாகக் கேட்கிறேன். நீங்கள் ஏன் போகவேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே வசனத்தில் சொல்லிப் பாருங்கள். வசனம் வரவில்லை என்றால் இரண்டு பரீட்சைகளின் விண்ணப்ப விபரங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசியுங்கள்.

போவது என்று முடிவானால் இன்னும் மூன்று வாய்ப்பு இருக்கிறது, முதற்பகுதிக்கு வழமையாக நான்கு தடவைதான். ஆகவே அடுத்த திகதிக்கு அவசரப்பட்டுப் பதியாதீர்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், அது எந்த மாதத்தில் காலாவதியாகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திகதியை அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுங்கள். கொழும்புக்கு ஒரு நாள் முன்னதாகப் போங்கள். இரவு முழுக்கப் பஸ்ஸில் இருந்துவிட்டுக் காலையில் நேராக மண்டபத்துக்குள் போனதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆறு புள்ளியில் இரண்டு மூன்று ஹபரணைச் சந்தியிலேயே இறங்கியிருக்கும்.

அந்த 200 கேள்விகளைப் பிரித்ததும் 'தெ' எத்தனை, 'வா' எத்தனை, 'ஊ' எத்தனை என்று மூன்று எண்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். நாளுக்கு நாற்பதை எந்தத் தலைப்பில் தொடங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா